ஜூலியஸ் எடுத்த பள்ளம்

வெக்ஸ்போர்ட்டில் ஜூலியஸின் கராஜைத் தெரியாதவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருடக் கடை. இடிபட்ட கார் உள்ளே போனால், இடிபட்டதை இன்சூரன்ஸ்காரனே நம்பாத மாதிரி வெளியே வரும். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த மனிதர் தனியாளாகக் கட்டியது. இதையெல்லாம் அவரே சொல்லுவார். சொன்னாலும் பிழையில்லை, அத்தனையும் உண்மை.

அப்பேர்ப்பட்ட கைக்கு அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சோதனை வந்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஹயாஷி என்ற யப்பானிய மூதாட்டி, காலமான கணவரின் சாமுராய்க் கவசத்தை வைக்கும் இரும்புத் தாங்கியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கால் உடைந்துவிட்டது. மறுநாள் ஒரு நிபுணர் வந்து கவசம் எந்தக் காலத்தது என்று பார்க்கப்போகிறாராம். அளவு பார்ப்பதற்காக நெஞ்சுத் தகட்டையும் விட்டுப்போனார்.

தாங்கியின் காலை ஒட்ட ஜூலியஸுக்குப் பத்து நிமிடம். பிறகுதான் தகட்டின் நடுவில் ஒரு பள்ளத்தைக் கண்டார். பெருவிரல் அளவாய் இருந்தது. இதை இப்படியே திருப்பி அனுப்பினால் தன் பெயர் என்ன ஆவது? பின்பக்கமிருந்து பதமாகத் தட்டினார். பதினொரு அடிதான். பள்ளம் போய்விட்டது. அதற்கென்று பில்லில் காசும் எழுதவில்லை.

அப்போது மனைவி எமில்டா போனைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த யப்பான் அம்மா போன் எடுத்தவ. நெஞ்சில இருக்கிற பள்ளத்தில துணிகூடப் படக்கூடாதாம். கவசம் செய்தவையே துவக்கால சுட்டு, தாங்குதோ எண்டு பாத்த அடையாளமாம். நாளைக்கு அதை வச்சுத்தான் காலம் பிடிக்கிறதாம்."

ஜூலியஸ் தகட்டையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா முழுசுறியள்?"

"எடுத்திட்டன்."

"எதை?"

"பள்ளத்தை."

எமில்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆர் உங்களைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மா செய்து குடுத்தன்."

"சும்மாவோ! இனி ஊர் முழுக்கச் சும்மா கதைக்கும்."

அந்த அம்மாவின் கணவரும் போய்விட்டார். மிஞ்சியது இந்தக் கவசம்தான். அதன் அடையாளத்தை அழித்தவன் ஜூலியஸ் என்று நாளைக்குத் தெரிந்தால், யார் இனி இந்தக் கராஜை நம்பிக் கார்த் திறப்பைக் கொடுப்பார்கள்?

உருண்டைத் தலைச் சுத்தியலை எடுத்தார். அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு அடி போதும், பள்ளம் திரும்பி வந்துவிடும்.

கை உயர்ந்தபடியே நின்றுவிட்டது. எத்தனை பேர் ஒளித்துச் செய்த வேலையோடு அவரிடம் கார் கொண்டுவந்திருக்கிறார்கள்! ஒரு விரலால் தடவிப் பார்த்தே, "உது நேற்று அடிச்சது, எனக்கே காட்டுறியோ?" என்று சிரித்திருக்கிறார். நாளைக்கு வருகிறவர் அந்தத் தொழிலின் ஜூலியஸாக இருந்தால்? சுத்தியலைக் கீழே வைத்தார்.

மேசைக்குக் கீழே கறுப்புச் செதில்கள் கிடந்தன. அடித்தபோது உதிர்ந்த அரக்கு மெருகு. பள்ளத்துக்குள்ளும் மெருகு வெடிக்காமல் இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. 'பள்ளத்தை நிரப்பாமல் பெயின்ற் அடிச்சிருக்கிறான், சோம்பேறி' என்று அப்போது சிரித்தவர். இப்போது முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எமில்டா ரோர்ச் வெளிச்சம் பிடித்தார்.

மறுநாள் ஹயாஷி அம்மாவின் வீட்டில், பையைத் திறக்கமுன்பே உண்மையைச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அதற்கே செலவானது.

அந்த அம்மா ஏசவில்லை. "என் கணவர் காலையில் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் ஜூலியஸுக்கு இவ்வளவு பயம் வந்திராது.

நிபுணர் செதில்களைச் சிறு இடுக்கியால் பொருத்தினார். நான்கு செதில் சேர்ந்ததும் கரண்டிபோலக் குழிந்து நின்றன. தகட்டின் ஆணிகளைப் பார்த்தார். விளிம்பின் தடிப்பை அளந்தார்.

"மெருகு பள்ளத்தோடு சேர்ந்தே படிந்திருக்கிறது. சுட்ட பிறகுதான் பூசியிருக்கிறார்கள். ஆணியும் அதே காலத்தது. நானூறு வருடத்துக்குக் கிட்ட," என்றார் நிபுணர். "ஆனால் பள்ளத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்தான் எழுதவேண்டும். கவசம் எங்கே போனாலும் அந்தத் தாளும் கூடப் போகும்."

வெள்ளைத் தாள் ஜூலியஸின் முன்னால் வந்தது. தான் செத்த பிறகும், முன்பின் தெரியாத ஆட்கள் அதை வாசிப்பார்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டார். சரியென்று தலையாட்டினார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து வரிக்கு வரி சரிந்தது.

'நடு நெஞ்சில் பள்ளம் இருந்தது. அதற்குள் மெருகு வெடிக்கவில்லை. நான் பதினொரு அடியில் எடுத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.'

கையெழுத்துப் போடமுன் ஹயாஷி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. மட்டமாகிவிட்ட இடத்தைப் பெருவிரலால் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூலியஸ் முழுப் பெயரையும் எழுதினார்.