மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்

என் குரல் எனக்குப் பிடிக்காது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் தனியாக இருக்கும்போது எனக்குள் ஒருவன் பேசிவிட்டுச் சிரிப்பது கேட்கும். அவனுக்கு இருபத்துமூன்று வயதுக்கு மேல் ஆகவே இல்லை. அவனை முதன்முதலில் நான் கேட்டது ஒரு டேப் ரிக்கார்டரில்.

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். முன்னறையில் இரண்டு மேசை, ஒரு மர அலமாரி. பின்கட்டிலிருந்து பச்சைத் தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை வந்துகொண்டே இருக்கும். முதலாளி பினாங்குக்குப் போய்வந்தபோது டேப் ரிக்கார்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார். சின்னப் பெட்டி அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு சக்கரங்கள், நடுவே ஒரு பச்சை விளக்கு. நாம் பேசப் பேச அந்த விளக்கு சுருங்கி விரியும். தம் தாயார் துவா ஓதுவதை அதில் பதிந்து வைத்து, அவர் மௌத்தாகிப் போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வந்து கேட்பார். அப்போது நாங்கள் யாரும் பேனாவைக்கூட அசைக்க மாட்டோம்.

என் நண்பன் நாகல் நகரில் தன் அம்மாவோடு இருந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். பூட்டுப் பட்டறையில் வேலை. ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்திய வீட்டுக்குப் பூட்டு ரிப்பேர் செய்யப் போனவன், அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரும் கிட்டார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். ஒரு வருஷத்தில் அவனும் வாசித்தான். பட்டறையில் கிடந்த பித்தளைத் தகட்டை விரல் நகம் அளவுக்கு ராவி எடுத்து, அதை வைத்துத்தான் கம்பிகளை மீட்டுவான். டிரம் அடிக்க ரயில் கார்டு ஒருவரின் மகன் கிடைத்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு ஆனார்கள். திண்டுக்கல்லில் அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகளே நம்புவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காலனிக் கூடத்தில் அவர்கள் கச்சேரி வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் மண்டி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒங்க மொதலாளி பெட்டியைக் கேட்டு வாங்கிட்டு வாடா. அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும். அம்மா கூட்டத்துக்கெல்லாம் வராது."

முதலாளி யோசிக்காமல் கொடுத்தார். கூடவே ஒரு புது நாடாச் சுருளும் கொடுத்தார். "தாயாருக்குன்னா எடுத்துட்டுப் போ தம்பி" என்றார்.

முன்வரிசையில் இடம் பிடித்தேன். எனக்கு இரண்டு பக்கமும் மதுரையில் படித்துக்கொண்டிருந்த பையன்கள், இஸ்திரி கலையாத சட்டைகள். பெட்டியின் மைக்கை மேடையில் வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தில் வெறும் இரைச்சல்தான் விழும் என்று சவுண்டு சர்வீஸ்காரர் சொன்னதால் அதை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். கச்சேரி தொடங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதை அந்தப் பையன்களிடம் காட்டிக்கொள்ளவும் மனசில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை கேலி பேசுவதுதான். பேசினேன். பையன்கள் சிரித்தார்கள், அதனால் இன்னும் பேசினேன். மடியில் மைக் இருந்தது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் மதியம் மண்டியில் யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்டேன். கிட்டார் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

"பூட்டுப் பட்டறை அரத்தைக் கொண்டாந்து கம்பில தேய்க்கிறாம்பா."

சிரிப்பு.

"தகரக் கடையில தீப்பிடிச்சா இப்படித்தான் கேக்கும்."

மறுபடியும் சிரிப்பு. அவன் தானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு, வார்த்தை கிடையாது, வெறும் கிட்டார். மூன்று மாதம் உட்கார்ந்து கட்டினான். அது தொடங்கின இடத்தில் நான், "இந்தா, சாவி தொலஞ்சுபோச்சு, தேட ஆரம்பிச்சுட்டான்" என்கிறேன். அது முடிகிறவரை நான் வாயை மூடவே இல்லை.

சாயங்காலம் அவன் வந்து கேட்டபோது, "சத்தம் சரியா விழலடா, அடுத்த கச்சேரில பாத்துக்கலாம்" என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. "போகுது விடு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த கச்சேரி நடக்கவில்லை. பங்குனியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்றாவது வாரம் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் அம்மா என்னை உட்காரச் சொன்னார்.

"அப்பு, அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சு வந்து ஒன்னையப் பத்தித்தான் பேசுனான் எம்புள்ள. மொத வரிசையில ஒக்காந்து கடைசி வரைக்கும் சிரிச்ச மொகமா இருந்தியாம். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதாம்மா வாசிச்சேன்னான்."

பிறகு அவரே கேட்டார்.

"அந்தப் பெட்டியில கொஞ்சங்கூடவா விழல? அவன் கொரலு எதாச்சும் இருக்குமாய்யா?"

"அதை அழிச்சாச்சும்மா" என்றேன்.

மண்டிக்கு வந்து, அந்தச் சுருளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அலமாரியில் பழைய கடிதக் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினேன். உண்மையிலேயே அழித்திருக்கலாம், ஒரு பொத்தானை அமுக்கும் வேலைதான். ஏன் செய்யவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அழித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டினேன். நாகல் நகர்ப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். நாடாவில் கேட்ட என் குரல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. எங்காவது நாலு பேர் நடுவே நான் ஏதாவது சொல்லி அவர்கள் சிரித்தால், அடுத்த நொடி எனக்கு அது கேட்கும். மடியில் மைக் இருக்கிறதா என்று பார்த்த நாட்கள் உண்டு.

ரம்ஜானுக்கு முன்னால் மண்டிக்கு வெள்ளையடித்தபோது அலமாரியைக் காலி செய்தார்கள். நான் அன்றைக்கு வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பிஸ்கட் டின் முதலாளியின் மேசையில் இருந்தது. சுருளின் மேல் ஒட்டியிருந்த தாளில் நண்பன் பெயரை நானேதான் எழுதியிருந்தேன்.

"ஒன் கூட்டாளி வாசிச்சதுல்ல? எம்புட்டு நாளா இங்க கெடக்குதுன்னே தெரியல" என்றார் முதலாளி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் இன்னும் போட்டுக் கேக்கல தம்பி. பெத்தவதான் மொதல்ல கேக்கணும். ஆள் விட்டுச் சொல்லிட்டேன், நாளைக்கு வருவாங்க."

மறுநாள் மதியம் அவன் அம்மா வந்தார். வெளுத்த சேலை, தலையில் எண்ணெய் தடவிச் சீவியிருந்தார், விசேஷ வீட்டுக்குப் போகிறவரைப் போல. அழித்துவிட்டதாகச் சொன்னாயே என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. முதலாளி பெட்டியைத் திறந்து வைத்து, "ஓட்டத் தெரிஞ்சவன் இவன்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். பெட்டி சூடாக ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நாடாவைக் கோர்ப்பதிலேயே அதைக் கழித்தேன்.

போட்டேன். அரம் வந்தது. தகரக் கடை வந்தது. சிரிப்பு வந்தது. அவர் பெட்டியை நோக்கிக் கொஞ்சம் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி தொலைந்த இடம் வந்தபோது மட்டும் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

கைதட்டல் ஓய்ந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து, கடைசியாக அவன் குரல். மேடையில் ஒரு வார்த்தை பேசாதவன் அப்போதுதான் பேசினான்.

"மாப்ள, எப்படிடா இருந்துச்சு?"

"அசத்திட்டடா."

"நெசமாவா?"

"ஏலே, நெசமாத்தான்."

அவன் சிரித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அதோடு நாடா முடிந்து சக்கரம் சும்மா சுற்றியது. அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சக்கரத்தை நிறுத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல ஒண்ணு சொன்ன, கடைசில ஒண்ணு சொன்ன. ரெண்டுல எது நெசம் அப்பு? எம்புள்ள நல்லா வாசிச்சானா?"

நல்லா வாசித்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்புவதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் அதே பொய்யை அந்தப் பெட்டி இப்போதுதான் சொல்லி முடித்திருந்தது.

"தெரியாதும்மா" என்றேன். "நான் கேக்கவே இல்ல."

அழுதுவிட்டேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"திருப்பிப் போடு. இப்பக் கேளு."

நாடாவைப் பின்னால் சுற்றி, முதலிலிருந்து போட்டேன். இருவரும் குனிந்து கேட்டோம். அவனுடைய சொந்தப் பாட்டு தொடங்கியது. தூரத்தில் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்தன. அது நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பட்ட அந்த இடத்தில் அவன், நாடாவில் இருந்த அந்த இருபத்துமூன்று வயது நான், பேச ஆரம்பித்தான்.

அவன் அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைத் தட்டினார்.

"பேசாம இரு அப்பு" என்றார்.

நான் பேசாமல்தான் இருந்தேன்.