சாம்பல் நிறத்தில் சில கம்பங்கள்

துறைமுகத்துத் தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பது என் உத்தியோகம். கேட்க கௌரவமாக இருக்கும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலை நேரத்தில் யார் முதலில் என்று பஞ்சாயத்து பண்ணிப் பழகியவர்களுக்கு என் பாடு உடனே புரியும். வீடு மட்டாஞ்சேரியில், ஆபீஸ் எர்ணாகுளத்தில். நடுவில் கிடக்கும் காயலைத்தான் பங்கு போடுகிறேன். தினமும் போட்டில் அதைக் கடக்கும்போது யார் மீதாவது கோபம் வரும். இப்போதெல்லாம் பெரும்பாலும் என் ஆபீஸ் மீதுதான்.

அழைப்பு

முதல் கூட்டத்தில், வல்லார்பாடத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பல்களின் ஆட்கள், கப்பல் திரும்ப இடம் போதவில்லை என்றார்கள். ஏலூர் ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றும் பார்ஜ்காரர்கள், கப்பல்கள் கொஞ்சம் ஒதுங்கட்டும் என்றார்கள். பயணிகள் படகு நடத்துகிறவர்கள் இரண்டு பேருமே ஒதுங்கட்டும் என்றார்கள். உல்லாசப் படகு முதலாளி ஒருவர் மட்டாஞ்சேரிக் கரையோரம் மிதக்கும் மேடை போட இடம் கேட்டார். அங்கே ஊன்றுவலைக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பை மாதிரி வலையைக் கட்டிவிட்டால், காயல் கடலுக்கு இறங்கும் வேகத்தில் இறால் வந்து விழும். எந்த வரிசை எந்தக் குடும்பத்துக்கு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்.

அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட கூட்டத்தில் இல்லை. அழைப்பை ஈமெயிலில் அனுப்பியிருந்தோம். இதை நான் எழுந்து சொன்னதும், முதலாளி என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “அவங்களும் நம்ம ஆளுங்கதான் மேடம். அந்தக் கம்பத்தை மட்டும் எடுத்துட்டா வியூ நல்லாயிருக்கும்.”

நல்ல நேரம்

எங்கள் மேலதிகாரி பாலக்காட்டுத் தமிழர். ராகுகாலத்தில் பேனாவைத் தொடமாட்டார். அஷ்டமி, நவமியில் புது ஃபைல் திறக்கமாட்டார். ஆனால் காயலில் யார் எந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள், நீரோட்டம் எவ்வளவு என்று பார்க்கும் சர்வேயை மட்டும் அஷ்டமி வாரத்தில் வைத்தார். வாடகைப் படகு அப்போதுதான் கிடைத்ததாம்.

அந்த நாட்களில் தண்ணீர் மந்தமாக நகரும். யாரும் வலை கட்டமாட்டார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இழுப்பு பலமாக இருக்கும்போதுதான் ஊன்றுவலைக்கு வேலை. மட்டாஞ்சேரியில் வளர்ந்த எனக்கு இது தெரியும், அவரிடம் சொல்லவும் செய்தேன், ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சவும் செய்தேன். அவர் சிரித்துவிட்டார்: “பௌர்ணமி பாத்து சர்வே எடுக்க நாம என்ன ஜோஸ்யராம்மா?”

விளக்கக் கூட்டம்

வரைபடம் வந்தது. கப்பலுக்கு நீலம், பயணிகள் படகுக்குப் பச்சை, உல்லாசத்துக்கு மஞ்சள். கம்பங்கள் சாம்பல் நிறம். ஓரத்தில் ‘கைவிடப்பட்டவை’ என்று விளக்கம், அதுவும் இங்கிலீஷில். இதை மட்டாஞ்சேரியிலேயே ஒரு மண்டபத்தில் திரையில் போட்டுக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

முன்வரிசையில் மேரி சேச்சி. எங்கள் தெருவுக்கு இறால் கொண்டுவருகிறவர். கணவர் போனபின் தம்பியை, அவர் வார்த்தையில் அனியனை, வைத்து வலை கட்டுகிறார். அந்த ஒரு வரிசைக் கம்பம்தான் அந்த வீட்டின் சோறு. தன் வரிசை எங்கே என்று கேட்டார். சாம்பலைக் காட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்றார். சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சேச்சி சத்தம் போடவில்லை: “ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்குப் போய்ப் பார்த்திட்டு, இங்க பிள்ளைகளே இல்லைன்னு எழுதுவியா மோளே?”

பௌர்ணமி

அடுத்த பௌர்ணமிக்கு லீவு போட்டேன். வரைபடம் வரையும் ரஃபீக்கும் லீவு போட்டான். அவனும் மட்டாஞ்சேரிக்காரன், வீட்டில் தமிழ்தான். இருவரும் ஒரு வஞ்சியில் துடுப்பு போட்டுப் போய், ஒவ்வொரு கம்பத்திலும் வலை புடைத்து நிற்பதைப் படம் பிடித்தோம். சேச்சியின் தம்பி வலையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே இறால் துள்ளியது.

மறுநாள் படங்களை மேலதிகாரியின் மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். நல்ல கேமரா என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேஜையையே கவிழ்த்திருப்பேன், அரசாங்க மேஜை கனம் ஜாஸ்தி. படங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்: “மேல எல்லாரும் பாத்து ஒத்துண்டாச்சு. இனிமே சாம்பல்னா சாம்பல்தான்.”

இழுப்பு

கம்பங்களைப் பிடுங்கினார்கள். மிதக்கும் மேடை வந்தது, ரிப்பன் வெட்டினார்கள், வியூ நன்றாகவே இருந்தது. சேச்சி இப்போது யாரோ ஒருவரின் ஷெட்டில் இறால் உரிக்கிறார்.

பௌர்ணமி வந்தது. அஷ்டமி வாரத்தில் அளந்த நீரோட்டத்தை நம்பி மேடைக்குப் போட்ட சங்கிலி, இறங்குகிற தண்ணீரின் இழுப்பில் அறுந்துபோனது. மேடை ஒரு பக்கம், உல்லாசப் படகுகள் ஒரு பக்கம். முதலாளி ஆபீசுக்கு ஓடிவந்து, இங்கே இப்படி இழுக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று என்னிடமே அங்கலாய்த்தார். மேடையைப் பிடித்து நிறுத்த வரிசையாகக் கம்பம் நட அனுமதி வேண்டுமாம். மேலதிகாரி, ராகுகாலம் கழிந்ததும் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் படகுத்துறையில் சேச்சியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் ஒட்டியிருந்த இறால் தோலைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “அந்த இழுப்பில கம்பம் நட என் அனியனுக்குத்தான் தெரியும். அவனைக் கூலிக்குக் கூப்பிடச் சொல்லு மோளே.”

வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்: அதே இடம், அதே வரிசை, கம்பம் நடப்போவதும் அதே கை, நிறம் மட்டும் இந்தத் தடவை மஞ்சள்.