கையை எடுத்த பிறகும் வந்த சத்தம்

டிஜே தொழிலில் கைதட்டல் நமக்கு, உழைப்பெல்லாம் பென்டிரைவுக்கு. ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று வியர்த்த சக டிஜேக்களே, இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். என் பெயர் டில்லி, ஊர் தண்டலம். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை, குடும்ப விழா என்றால் கூப்பிடுவார்கள். நான் போடுவது டெக்னோ. அதில் பாட்டே கிடையாது. ஒரே அடி, அதன் மேல் இன்னொரு அடி, நடுவே சின்னச் சின்ன மாற்றம், அவ்வளவுதான்.

தூக்கிய கை

ஒரு மணி நேரத்துக்கு ஒரு செட்டை முன்கூட்டியே தயார் செய்து பென்டிரைவில் வைத்திருந்தேன். எங்கே போனாலும் அதுதான். பாதியில் அடி நின்று, மறுபடி தொம்மென்று விழும். அங்கே இரண்டு கையையும் தூக்குவேன். மற்ற நேரமெல்லாம் குமிழ்களைத் திருகுவதுபோல பாவனை. கம்பெனிக்குக் கம்பெனி ஆட்கள் வேறுதானே என்ற தைரியம்.

காண்ட்ராக்ட் ஆட்கள் சில மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு விழா முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டோடு ஒருவர் வந்து நின்றார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன கம்பெனியிலயும் கரீட்டா இதே எடத்துலதான் கையத் தூக்கினீங்க. இந்த தபா நான் உங்களுக்கு முன்னாடியே தூக்கிட்டேன், பாத்தீங்களா?"

டெஸ்டிங்

அந்த வெட்கத்தில்தான் ஸ்டெல்லா அக்காவைத் தேடிப் போனேன். மண்ணூர் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். வார நாட்களில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. மேடையிலேயே நான் டிரம் மெஷினை விரலால் தட்டி வாசிப்பது, அதன் மேல் அக்கா கீபோர்டு வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நாள் பூரா மிஷின் சொல்றபடிதான் கைய ஆட்டிகினு கீறேன். மேடையிலயாவது என் கை சொல்றது வெளிய கேக்கணும். நீ பென்டிரைவ எடுத்தின்னா நான் வரமாட்டேன்."

முதல் நிகழ்ச்சியில் இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து வாசித்தோம். எனக்குப் புல்லரித்தது. எச்.ஆர். அதிகாரி மேடையேறி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று மைக்கை எடுத்து நீட்டினேன். அவர் மைக்கை ஒதுக்கிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"டெஸ்டிங் நல்லா வந்துடுச்சு தம்பி. எல்லாரும் வெயிட் பண்றாங்க, பாட்டு போட்டுடலாமா?"

வேகம்

அடுத்து, தகடு அடித்து கார் பாகம் செய்கிற ஒரு பிரஸ் ஷாப். அன்று எங்கள் இருவருக்குமே உற்சாகம். கையால் தட்டுவதல்லவா, வேகம் தானாக ஏறிக்கொண்டே போனது. கூட்டமும் கூடவே ஏறியது. ஆடாதவர்கள்கூட ஆடினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திடீரென்று முன்வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் மூச்சிரைக்க மேடைக்கு ஓடி வந்தார். முகத்தில் நிஜமான பயம். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்துப் பதறிப்போனேன்.

"கொஞ்சம் மெதுவா வாசிப்பா. மேனேஜர் பாத்துகினு கீறாரு. நாங்க இவ்ளோ ஸ்பீடா கை காலு ஆட்டுறதப் பாத்தா நாளைக்கு டார்கெட்ட ஏத்திடுவாரு."

ஒரே இடத்தில்

அதே கம்பெனி குடும்ப விழாவுக்கும் கூப்பிட்டது. வேகம் கூடாமல், பிசிறில்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் என் புத்தி கெட்டது. ஒத்திகையில் அக்கா வாசித்ததில் நாலு நிமிடத்தை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து, அதையே வரிசையாக ஒட்டி ஒரு மணி நேரம் ஆக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். மேடையில் அக்காவின் கீபோர்டு சத்தத்தை மிக்சரில் முழுசாகக் குறைத்துவிட்டேன். அவர் வாசிப்பதும் அதே மெட்டுதானே, கண்டுபிடிக்க மாட்டார் என்று ஒரு கணக்கு.

அந்த நாலு நிமிடத்தில் ஓரிடத்தில் அக்காவின் விரல் வழுக்கி ஒரு கீச்சுச் சத்தம் விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. ஜானகிராமன் கவனித்தார். அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தினமும் ஒரே மாதிரி தகடுகளைப் பார்த்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவர். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து அக்காவிடம் வந்து ஆறுதலாகச் சொன்னார்: "ஒரே டிஃபெக்ட் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வருதும்மா. அது ஆளோட தப்பு இல்ல, அச்சோட தப்பு. நீங்க பயப்படாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இசை அது பாட்டுக்கு ஓடியது. கூட்டம் ஆடிக்கொண்டே இருந்தது.

"கைய எடுத்துட்டேன். ஒருத்தரும் நிக்கல பாரு. அப்போ என்னை எதுக்குடா கூட்டினு வந்த?"

பச்சைப் புள்ளி

அதன் பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் பெரிய பேச்சாக யோசித்து வைத்திருந்தேன்; அக்காவைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். பென்டிரைவை நீட்டினேன். வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "அந்த இன்ஸ்பெக்டர் முன்னாடி வாசிக்கிறதா இருந்தா வரேன்" என்றார்.

அந்தக் கம்பெனி கேண்டீனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தோம். அக்காவின் விரல் இரண்டு முறை வழுக்கியது. நான் ஒருமுறை அடியையே விட்டுவிட்டுப் பிடித்தேன். ஜானகிராமன் விரல்விட்டு எண்ணுவதையே நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசித்தார். முடிந்ததும் ஜானகிராமன் எங்களிடம் வந்தார். தேறிய தகடுகளில் அடையாளம் வைக்கும் பெயிண்ட் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கீபோர்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தார்.

"மூணு தப்பு, மூணும் வேற வேற எடத்துல. இது கையால செஞ்சதுதான்."

அக்காவின் கீபோர்டில் அந்தப் புள்ளி இன்னும் அழியாமல் இருக்கிறது. என் டிரம் மெஷினுக்கும் ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று ஜானகிராமனும் அக்காவும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.