பிங்காங் இல்லை, பிங்குல்

பாடாங் திடலில் சாயங்காலம் ஓடுகிற இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வலது இடுப்புதான் ஞாபகம் வருகிறது. நாகூரிலிருந்து பினாங்குக்கு வந்த புதிதில் நானும் அந்தக் கடற்காற்றில் அப்படித்தான் ஓடினேன். கடைச் சிப்பந்திகளுக்கான ஓட்டப்பந்தயம் நெருங்கிய சமயத்தில் இடுப்பில் வலி வந்தது.

உடம்பு பிடித்துவிடும் பாக் மாட்டிடம் போய், இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதாக நினைத்து, என் அரைகுறை மலாயில் "பிங்காங் சாக்கிட்" என்றேன். அவர் என் கீழ்முதுகில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். சுகமாக இருந்தது. அந்தத் தைரியத்தில் மேலும் ஓடினேன், வலி கூடியது. ஒருநாள் சம்பான் படகிலிருந்து படித்துறையில் காலை வைத்ததும் கால் மடங்கிவிட்டது. படகுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கடலில் விழுந்திருப்பேன்.

வீட்டில் என் மனைவி ஆமினா, "எங்க வலிக்குது? தொட்டுக் காட்டுங்க" என்றாள். தொடை சேரும் இடத்தில் கையை வைத்தேன். பினாங்கிலேயே பிறந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது பிங்குல் லா! பிங்காங்னா மேல, கைலி கட்டுற இடம். நமக்குத்தான் ரெண்டும் இடுப்பு."

விஷயம் கேட்டு பாக் மாட் வயிறு குலுங்கச் சிரித்தார். பந்தயத்தை மறந்துவிடச் சொன்னார். தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கி இறக்கவைத்தார். இடுப்பு வலுவான பிறகே ஓடவிட்டார்.

இப்போதெல்லாம் எந்த வலிக்கும் நான் பெயர் சொல்வதில்லை. தலைவலிக்குக்கூட விரலை வைத்துத்தான் காட்டுகிறேன். "தலைதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க லா" என்று கேலி செய்யத்தான் ஆமினா இல்லை.