கையேட்டக்கா சீன வரலாறு படித்த கதை

கையேட்டக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீனாவிலிருந்து மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் இறக்குமதி செய்யும் நிறுவனத்தில், பெட்டிக்குள் வரும் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்குவது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே மேசை, அதே தலைவலி. "உலோகக் கயிறு குடிக்கும் திரவத்தைச் சந்திக்காமல் காக்கவும்" என்றிருக்கும். வயர் நனையக் கூடாது என்று அதற்குப் பொருள் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பல்கலைக்கழக மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். பாடம்: சீன வரலாறு, பொருளாதார வளர்ச்சி, உலகமயமாதல். முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவரின் கையில் கத்தரி அப்படியே நின்றது.

"சீனாக்காரங்க எப்படி முன்னேறுனாங்கன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"பதினோரு வருஷமா அவங்களோட மல்லுக்கட்டுறேன். யாரு என்னன்னு தெரிய வேண்டாமா?"

வகுப்பில் எல்லாரும் அவள் வயதில் பாதி. அவள் ஒரு ராஜ வம்சத்தின் பெயரை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள், பேராசிரியை அந்த வம்சத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

முதல் கட்டுரை, 1978க்குப் பிந்தைய சீர்திருத்தங்கள் பற்றியது. கைப்பழக்கம் விடுமா? "1. கதவைச் சிறிதளவு திறக்கவும். 2. முதலீடு உள்ளே வரும்வரை காத்திருக்கவும். எச்சரிக்கை: ஒரேயடியாகத் திறக்க வேண்டாம்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பேராசிரியை அதை வாசித்துக் காட்ட, வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மதிப்பெண் முப்பத்தெட்டு. அவளுக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தப்பா எதுவும் எழுதலம்மா," என்றார் பேராசிரியை. "ஆனா இதுல ஒரு மனுஷன்கூட இல்லையே. அடுத்த கட்டுரையில ஆளுங்களக் கொண்டு வாங்க."

ஆளுக்கு எங்கே போவது? சீனத் தொழிற்சாலையில் கையேடு எழுதுபவரோடு வருடக்கணக்கில் மின்னஞ்சலில் சண்டை போட்டிருக்கிறாள், முகம் பார்த்ததில்லை. ஒரு மதிய இடைவேளையில் துணிந்து வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எதிரே யாரென்று தெரிந்ததும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தத் தடவை என்ன தப்புங்க?" என்றார், அரைகுறை ஆங்கிலத்தில்.

"தப்பெல்லாம் இல்லைங்க. உங்க ஊர்க் கதை வேணும்," என்றாள் இவள். பேச்சு ஆங்கிலம் இவளுக்கும் அரைகுறைதான்.

அவர் உட்கார்ந்து சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது தொழிற்சாலை இருக்குமிடம் தானியம் காயப்போடும் களம். சீர்திருத்தம் வந்ததும் ஊர்க்காரர்கள் கூடி அங்கே ஸ்க்ரூ செய்யும் பட்டறை போட்டார்கள். அவருடைய அம்மா அதில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தைச் சேர்த்து ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். மணி பார்க்கத் தெரியாது. யாராவது மணி கேட்டால், மகாராணி மாதிரி கையை நீட்டி, "நீங்களே பாத்துக்கோங்க" என்பாராம்.

"அது சரி, வயரை ஏன் உலோகக் கயிறுன்னு எழுதுறீங்க?"

அவர் நெளிந்தார். கையேடு எழுதச் சொன்னபோது முதலாளி கொடுத்த பழைய ஆங்கில அகராதியில் கடைசிப் பக்கங்கள் இல்லையாம். டபிள்யூவில் தொடங்கும் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வயர் உலோகக் கயிறானது, வாட்டர் குடிக்கும் திரவமானது.

"அப்படியே பழகிப்போச்சு. உங்களைத் தவிர வேற யாரும் ஒண்ணும் கேக்கல."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

இம்முறை கட்டுரை பன்னிரண்டு பக்கம் போயிற்று. களமும் பட்டறையும் கடிகாரமும் கிழிந்த அகராதியும் எல்லாம் அதில் இருந்தன. எழுபத்தொரு மதிப்பெண். வகுப்பு முடிந்ததும் பேராசிரியை அவளைத் தனியே நிறுத்தினார்.

"அந்தக் கடிகாரக்கார அம்மா இருக்காங்களா? என் ஆராய்ச்சிக்கு அவங்ககிட்டப் பேசணுமே."

"எழுபத்தெட்டு வயசாம் மேடம். கேட்டுச் சொல்றேன்," என்றாள், கொஞ்சம் கெத்தாகவே.

கணவரோ, கடைக்கு வருவோர் போவோருக்கெல்லாம் சீனப் பொருளாதாரத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் சவரக்கத்தியும் கையுமாகக் கடிகார மகாராணியை நடித்துக் காட்டியதில், நாற்காலியில் இருந்த தபால்காரரின் மீசை பாதி போய்விட்டது. தபால்காரர் கண்ணாடியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி, மிச்சத்தையும் எடுத்துடுங்க. அப்புறம் அந்தப் பட்டறை என்னாச்சு?"