யாரையும் வழி கேட்காமல் ஏரிக்கு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் திசை கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறேன். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் பிழைத்து வருவது எப்படி என்பதுதான் பாடம். எங்கள் பக்கம் காடு ஏது என்று கேட்காதீர்கள். முந்திரித் தோப்பை வைத்துச் சமாளிக்கிறேன்.

எங்கள் தலைமையாசிரியை பெரிய டீச்சருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "வெயில்ல சுத்தறதுக்கு ஒரு கிளாஸாம்மா?" என்றவர், ஒருநாள் பரீட்சையே வைத்துவிட்டார். தோப்பிலிருந்து ஏரிக்கரைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் தாங்களாகவே வந்து சேர வேண்டும். யாரையும் வழி கேட்கக் கூடாது. நான் பின்னால் வரலாம், வாயைத் திறக்கக் கூடாது. தோற்றால் அதோடு வகுப்பு நின்றுவிடும்.

ஏரி வடகிழக்கில் என்று சொல்லியிருந்தேன். குச்சியை நட்டு நிழல் நகர்வதைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். நட்டார்கள். உடனே மேகம் வந்து வெயிலை மூடிக்கொண்டது. நிழலும் போச்சு, வகுப்பும் போச்சு என்று நின்றேன்.

பிள்ளைகளில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கொஞ்சம் வாய். பக்கத்து நிலத்தில் ஓர் அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். இவள் நேரே அங்கே போனாள். கேட்டுத் தொலைக்கப் போகிறாள் என்று பதறினேன். அவளோ அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, தார்ச்சாலைப் பக்கம் கையை நீட்டி, தோழியிடம் சத்தமாகச் சொன்னாள்:

"ஏரி இப்படிக்காதான்டி. நேரா போனா வந்துரும்."

அந்த அம்மா நிமிர்ந்தார். "ஏ பாப்பா, அங்க இன்னா கீது? அது மயிலம் போற ரோடு. ஏரி அந்தாண்ட. மோட்டார் கொட்டாயத் தாண்டிக்கினு போ."

"இல்லியே, இந்தப் பக்கம்னுதான் சொன்னாங்கோ."

"எவ சொன்னவ? இங்கியே பொறந்து வளந்தவ நானு, எனக்குத் தெரியாதா?"

தப்பாக ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு வராது. அடுத்து மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடமும் இதே வித்தை. அவர் பிள்ளைகளின் அறியாமை பொறுக்காமல் கரை தெரிகிற இடம்வரை திட்டிக்கொண்டே கூட வந்தார். நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன்.

ஏரிக்கரையில் பெரிய டீச்சர் காத்திருந்தார். "யாரையாவது வழி கேட்டீங்களா?"

"இல்லங்க டீச்சர்."

என்னைப் பார்த்தார். "ஒருத்தரைக்கூடக் கேட்கல டீச்சர்," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தும் அவருக்கு ஏதோ உறுத்தியது. "சரி, யோசிச்சுச் சொல்றேன்," என்றார். அவர் யோசித்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கே தெரியும்.

ரெட்டைச் சடைக்காரி மெல்லத் திரும்பி டீச்சருக்கு முதுகைக் காட்டினாள். என் கை துப்பட்டாவுக்குப் போனது.

"அடுத்த வாரத்துலர்ந்து கிளாஸ் இல்லடி. பெரிய டீச்சர் நிறுத்திட்டாங்க."

"நான் எப்ப நிறுத்தினேன்?" டீச்சரின் குரல் ஏறியது. "யாரு சொன்னது உனக்கு? அடுத்த சனிக்கிழமையும் உண்டு. எல்லாரும் வரணும்."

"சரிங்க டீச்சர்," என்றார்கள் ஐந்து பேரும், சாதுவாக.