இன்னொரு காலித் தட்டு

சின்ன எவர்சில்வர் தட்டை, அதுவும் காலித் தட்டைப் பார்த்தால் எனக்கு என் நாத்தனார் ஞாபகம்தான் வரும். கல்யாணமாகி, தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டைக்கு வந்த புதிதில், நானும் அவளும் தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தோம். என்னைவிட நான்கு வயது சின்னவள். வாய் மட்டும் நாற்பது வயது பெரியது.

மூன்று மாதக் கர்ப்பத்தில் எனக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. மாமியார் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தாலே குமட்டும். இப்படியே இளைத்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய வேலை அது! ரயிலிலேயே அழுதேன்.

“அழுவாதீங்க அண்ணி. ஊரு பூரா ஓட்டல் கீது. ஒண்ணாவது ஒத்துக்காதா இன்னா?” என்றாள் நாத்தனார்.

மறுநாள் மதியமே தேட ஆரம்பித்தோம். ஆட்டோக்காரர்கள் நின்று சாப்பிடும் கடைக்குள்தான் நுழைவாள். கண்ணாடிக் கதவு போட்ட கடை அவளுக்கு ஆகாது. “ஒன் பை டூ. இன்னொந்து தட்டே கொடி அண்ணா” என்று கன்னடத்தில் காலித் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாதியை அதில் தள்ளி என்னிடம் தருவாள். நான் முதல் வாய் விழுங்கும்வரை தன் பங்கைத் தொடாமல் என் முகத்தையே பார்ப்பாள். மூக்கைச் சுளித்தால் போதும், என் தட்டும் அவள் பக்கம் போய்விடும். ரவா இட்லி, காராபாத், அக்கி ரொட்டி எல்லாம் தோற்றன. மாமியார் டப்பாவையும் அவளே காலி செய்தாள். இரண்டு வாரத்தில் எனக்கு வளையல் கழன்றது, அவளுக்குச் சுடிதார் இறுக்கமானது.

கடைசியில் மார்க்கெட் பக்கத்துச் சின்னக் கடை ஒன்றில் புளியோகரே கிடைத்தது. கறுத்த புளிச்சாதம், மேலே வறுத்த வேர்க்கடலை. ஒரு வாய், இரண்டு வாய் போனது. குமட்டவில்லை.

“இன்னா அண்ணி, எறங்குதா?”

அவள் பங்கையும் இழுத்துக்கொண்டேன். பிரசவ விடுப்பு எடுக்கும்வரை அங்கேதான் மதியச் சாப்பாடு, வேலையும் பிழைத்தது. கூடப்பிறந்த தங்கை இருந்திருந்தால்கூட எனக்காக இவ்வளவு அலைந்திருப்பாளா, தெரியாது.

அன்று வயிற்றிலிருந்தவள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். நாத்தனார் ஓசூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். போன மாதம் நானும் அவளும் அதே கடைக்குப் போனோம். விலை ஏறியிருந்தது, புளி கொஞ்சம் குறைந்திருந்தது. இப்போது காசுக்கு என்ன கஷ்டம் என்று இரண்டு முழு ப்ளேட் வாங்கினேன். அவள் கவுன்டருக்குப் போய் ஒரு காலித் தட்டு வாங்கி வந்து நடுவில் வைத்தாள்.

“எதுக்குடி இது?”

“கெடக்கட்டும் அண்ணி, நீங்க சாப்டுங்க.”

அவள் ஸ்பூனைத் தொடவில்லை. நான் முதல் வாய் விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.